கீழே ஒரு கடைவாய்ப்பல் இல்லை, மேலே ஒன்று ஈறோடு ஒடிந்துவிட்டது: பிரிட்ஜ், இம்ப்ளான்ட், செட், எதை எதோடு ஒப்பிடுவது?

மூணு எஸ்டிமேட்:

வாயின் நிலவரம் இது. எண்கள் டாக்டர்கள் சீட்டில் எழுதியவை.

36 (கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்): எடுத்து ஏழு மாதம். பக்கத்துப் பற்களான 35, 37 இரண்டிலும் ஒரு ஃபில்லிங்கூடக் கிடையாது. 37 லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறதாம்.

25 (மேல் இடது இரண்டாம் முன்கடைவாய்ப்பல்): ரூட் கெனால் செய்து கேப் போட்டது. கேப்பும் அதற்குள் இருந்த பல்லும் சேர்ந்தே ஒடிந்து வந்துவிட்டன. வேர் மட்டும் ஈறு மட்டத்தில் நிற்கிறது. 24-ல் பெரிய ஃபில்லிங். 26-ல் ஏற்கெனவே ரூட் கெனாலும் கேப்பும்.

47 (கீழ் வலது இரண்டாம் கடைவாய்ப்பல்): போய்ப் பல வருடம். 46 வரை பல் இருக்கிறது, மெல்ல ஒரு குறையும் இல்லை.

எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.1. புகை இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டு.

முதல் எஸ்டிமேட்டில் 36-க்கும் 25-க்கும் பிரிட்ஜ், அதாவது இரு பக்கத்துப் பற்களிலும் கேப் மாட்டி நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. இரண்டாவதில் 36, 25, 47 மூன்றுக்கும் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் பல். தொகை முதலாவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூன்றாவதில் ஃப்ளெக்சிபிள் செட் (கழற்றி மாட்டும் நைலான் பல்செட்), இருப்பதிலேயே மலிவு. மூன்றிலும் ஒரே வரி, ஒரே தொகை. அந்த வரிக்குள் எது எது அடக்கம், எது பின்னால் தனியாக வந்து நிற்கும்?

—

செயற்கைப்பல்:

மூன்று எஸ்டிமேட்டும் உங்கள் வாயை ஒரே பிரச்சினையாகப் பார்க்கின்றன. உண்மையில் அவை மூன்று தனிக் கேள்விகள், பதிலும் வேறுவேறு.

47-ஐ முதலில் முடித்துவிடலாம். அங்கே எதுவும் வைக்க வேண்டாம். ஒழுங்காகச் சேர்ந்து கடிக்கிற 20 பல் இருந்தாலே பெரும்பாலோருக்கு மெல்லப் போதும். 'சுருங்கிய பல்வரிசை' என்ற பெயரில் நெதர்லாந்தின் கைசர் 1981-லேயே இதை எழுதிவிட்டார். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதிரே மேலே இருக்கும் 17 கீழே இறங்கி வந்து ஈறைக் கடிக்கிறதா? இத்தனை வருடத்தில் இறங்கவில்லை என்றால் இனி வேகமாக இறங்க வாய்ப்புக் குறைவு. இரண்டாவது எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே குறைந்துவிடும்.

36-ல் பிரிட்ஜ் என்றால் தொடாத இரண்டு பற்களைச் சீவ வேண்டும். முழு கிரௌனுக்காக (கேப்பைத்தான் கிரௌன் என்கிறேன்) சீவும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் எடைக்கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். சீவிய பல்லுக்குள் நரம்பு பிழைத்துக் கிடக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. பத்து வருடத்தில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் நரம்பு செத்துப்போய், கிரௌனைத் துளைத்து ரூட் கெனால் செய்ய நேர்கிறது. போதாததற்கு 37 சாய்ந்திருக்கிறது. 35-ம் 37-ம் ஒரே திசையில் மாட்டிக் கழற்ற வாகாக இருந்தால்தான் பிரிட்ஜ் உட்காரும். அந்தச் சாய்வைச் சரிக்கட்ட 37-ன் முன்பக்கத்தை அதிகமாகச் சீவ வேண்டியிருக்கும், அந்தப் பக்கம்தான் நரம்புக்குக் கிட்டே.

பிரிட்ஜ் தோற்கிற விதத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தின் சிமென்ட் மட்டும் சத்தமில்லாமல் விடும். இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் ஆடாது, கழன்றும் வராது. விட்ட பக்கத்தில் எச்சில் புகுந்து உள்ளே சொத்தை ஓடும். தெரியவரும்போது அந்தப் பல்லும் ஒடிந்து போகிற நிலையில் இருக்கும். ஒரு இடைவெளி இரண்டு இடைவெளி ஆகிவிடும். (வீட்டில் பார்க்க ஒரு வழி: பிரிட்ஜின் ஓரத்தில் விரல் வைத்து மேலே அழுத்தி விடும்போது எச்சிலில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் சிமென்ட் விட்டிருக்கிறது என்று பொருள்.)

இம்ப்ளான்ட் தோற்றால் போவது இம்ப்ளான்ட்டும் அதைச் சுற்றிய கொஞ்சம் எலும்பும். பக்கத்துப் பல் பிழைத்துக்கொள்ளும். ஆகவே 36-க்கு என் ஓட்டு இம்ப்ளான்ட். 35, 37 இரண்டிலும் ஏற்கெனவே கிரௌன் இருந்திருந்தால் தயங்காமல் பிரிட்ஜ் என்றிருப்பேன்.

25-ல் அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே பிரிட்ஜா இம்ப்ளான்டா என்பது இரண்டாவது கேள்வி. வேரைக் காப்பாற்ற முடியுமா என்பது முதல் கேள்வி. மூன்று எஸ்டிமேட்டிலும் அந்தக் கேள்வியே இல்லை.

புதுக் கிரௌன் நிற்க, அதன் விளிம்புக்கு மேலே சொத்தையில்லாத கெட்டிப் பல் சுற்றிலும் 2 மி.மீ. உயரமும் 1 மி.மீ. கனமும் வேண்டும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை மாதிரி கிரௌன் அந்த வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். ஃபெரூல் என்பது இதைத்தான். இது இல்லாமல் வேருக்குள் போஸ்ட் என்ற தண்டை இறக்கி அதன்மேல் கட்டினால், கடியின் சுமை முழுக்க போஸ்ட் வழியே வேருக்குப் போகும். போஸ்ட் கழலும், இல்லையென்றால் வேர் நெடுக்கப் பிளக்கும். பல்லோடு சேர்ந்து ஒடிந்து வந்த உங்கள் பழைய கேப்புக்கு அந்த வளையம் போதாமல் இருந்திருக்கலாம்.

அந்த 2 மி.மீ.-ஐ உண்டாக்க இரண்டு வழி. ஈறையும் எலும்பையும் கொஞ்சம் வெட்டிக் குறைப்பது ஒன்று. கிரௌன் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 3 மி.மீ. விட வேண்டும் என்பதால் பக்கத்துப் பற்களின் எலும்பையும் தொட வேண்டிவரும். இன்னொன்று கம்பி கட்டி வேரைச் சில வாரங்களில் மெல்ல வெளியே இழுப்பது. எலும்பு தப்பும், நாள் பிடிக்கும். எந்த வழியில் போனாலும் கடைசியில் எலும்புக்குள் நிற்கும் வேரின் நீளம் வெளியே வரப்போகும் கிரௌன் உயரத்துக்குக் குறையக் கூடாது.

போஸ்ட் இறக்கும்போது வேர்நுனியில் ரூட் கெனால் அடைப்பை 4 முதல் 5 மி.மீ. வரை விட்டுவைக்க வேண்டும். அதையும் தோண்டிவிட்டால் வேர்நுனி வரை கிருமிக்குப் பாதை திறந்துவிடும்.

வேர் ஏற்கெனவே பிளந்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், எடுத்துவிட வேண்டியதுதான். கண்டுபிடிக்க ப்ரோப் என்ற மெல்லிய அளவுக்கம்பியை ஈறோரமாகச் சுற்றிலும் நடத்திப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் 2, 3 மி.மீ. இறங்கி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று 8, 9 என்று விழுந்தால் அநேகமாகப் பிளவு. ஒரு நிமிட வேலை. எஸ்டிமேட் போடும் முன் இதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

—

பிளாஸ்டர் தூசி:

லேப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன். மேல உள்ளதோட எனக்குச் சண்டை இல்ல, ஆனா காசு எங்க போகுதுன்னு எஸ்டிமேட் காட்டாது.

ஒரு கிரௌன் விலையை ஒரு அலகுன்னு வெச்சுக்குங்க. மூணு பல் பிரிட்ஜுன்னா மூணு அலகு. நடுவுல தொங்குற பல்லுக்குக் கீழ வேர் இல்லைன்னாலும் லேப்ல அதுவும் ஒரு யூனிட்தான். வேரைக் காப்பாத்தினா ஒரு போஸ்ட், ஒரு கிரௌன்.

இம்ப்ளான்ட்ல ஒரு பல்லுக்கு எத்தனை சாமான்னு எண்ணுங்க: எலும்புக்குள்ள போற ஸ்க்ரூ, அது ஆறுற வரைக்கும் மேல மூடுற கவர் ஸ்க்ரூ, ஈறுக்கு வடிவம் குடுக்கிற ஹீலிங் கேப், அளவெடுக்கிற காப்பிங் இல்லாட்டி ஸ்கேன் பாடி, லேப் மாடல்ல வைக்கிற அனலாக், கிரௌனைத் தாங்குற அபட்மென்ட், அதை இறுக்குற ஸ்க்ரூ, கடைசியா கிரௌன். எஸ்டிமேட்ல "இம்ப்ளான்ட்"னு ஒரே வார்த்தை இருந்தா அது முதல் சாமானோட நிக்குதா, கிரௌன் வரைக்குமான்னு எழுத்துல வாங்குங்க. ரெண்டு இடத்து விலைல பெரிய வித்தியாசம் இருந்தா பாதி நேரம் காரணம் இதுதான். ஸ்கேன், எலும்புப்பொடி, தற்காலிகப் பல், நைட் கார்டு (ராத்திரி கடியைத் தாங்க மாட்டுற உறை) இதெல்லாம் உள்ள இருக்கா வெளியவான்னும் கேளுங்க.

அபட்மென்ட்ல ஒரு சூட்சுமம். இம்ப்ளான்ட் ஒரு கம்பெனி, அபட்மென்ட் அதுக்குப் "பொருந்தும்"னு சொல்ற வேற கம்பெனின்னு போடுறது உண்டு. மலிவு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல மைக்ரான் கணக்குல இடைவெளி இருந்தாலே ஆட்டம் அத்தனையும் அந்தக் குட்டி ஸ்க்ரூ மேல விழும். ஸ்க்ரூ லூசாகும், விட்டா உள்ளயே ஒடியும். ஒடிஞ்ச துண்டை எடுக்குறது பெரும்பாடு.

கிரௌனை ஸ்க்ரூ போட்டு மாட்டுறதா, சிமென்ட் வெச்சு ஒட்டுறதான்னும் கேளுங்க. கடைவாய்க்கு நான் ஸ்க்ரூதான் சொல்வேன். மேல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல டெஃப்லான் டேப் அடைச்சு பல் நிற காம்போசிட் போட்டு மூடுவாங்க. நாளைக்கு ஏதாவதுன்னா ஓட்டையைத் திறந்து கழட்டிடலாம். சிமென்ட்ல ரெண்டு வம்பு: கழட்டணும்னா கிரௌனையே உடைக்கணும், ஈறுக்குள்ள பிதுங்கின சிமென்ட் துணுக்கு அங்கயே தங்கினா ஈறு வீங்கி, சீழ் வெச்சு, எலும்பைத் தின்னும்.

ஸ்க்ரூவைக் கைச்சாவியால மட்டும் இறுக்கி அனுப்பினா போதாது. டார்க் ரென்ச்ல கம்பெனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 25-லிருந்து 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரைக்கும், இறுக்கணும். பத்து நிமிஷம் விட்டு அதே அளவுக்கு மறுபடியும் ஒரு தடவை. புது மரையோட சொரசொரப்பு அமுங்கி முதல் பிடிமானம் கொஞ்சம் இளகிடும், அதுக்காகத்தான் இந்த ரெண்டாவது இறுக்கு.

பொருள்: ராத்திரி பல் கடிக்கிற வாய்க்குப் பின்பக்கம் முழு ஜிர்கோனியா (உள்ள மெட்டல் இல்லாத கெட்டிப் பீங்கான்). உள்ள மெட்டல் வெச்சு மேல பீங்கான் சுடுறதும் நல்ல உழைப்புதான், ஆனா இந்த மாதிரி கடிக்கு அந்தப் பீங்கான் சில்லு சில்லா பேந்து வரும். ஜிர்கோனியாலயும் ரகம் இருக்கு. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுறது முன்பல்லுக்கு அழகு, பலம் கம்மி. கடைவாய்க்கு வெள்ளையா, மங்கலா இருக்கிற கெட்டி ரகம் கேளுங்க, அது 900 மெகாபாஸ்கலுக்கு மேல தாங்கும். கடிக்கிற பரப்பை மெருகு போட்டுத் தரணும். கிளேஸ்ங்கிற கண்ணாடிப் பூச்சு மட்டும் பூசி விட்டா அது தேஞ்சதும் அடியில இருக்கிற சொரசொரப்பு எதிர்ப் பல்லை அரம் மாதிரி ராவிடும். சேர்ல உக்கார்ந்து கடி சரிபார்க்க டாக்டர் கிரௌனை ராவினார்னா, திரும்ப மெருகு போட்டுத்தான் மாட்டணும்.

25-ல பிரிட்ஜுன்னு ஆச்சுன்னா, தொங்குற பல் ரெண்டு பக்கமும் சேர்ற கழுத்து, ஜிர்கோனியால குறுக்குவெட்டு 9 சதுர மி.மீ.-யாவது இருக்கணும். பல் குட்டையா இருந்தா இந்த அளவு கிடைக்காது, ஒடியறதும் அங்கதான்.

—

மூணு எஸ்டிமேட்:

நிறையத் தெளிந்தது, நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். ஃப்ளெக்சிபிள் செட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிடலாமா? 36-க்கு எலும்பு போதுமா என்பதை எதை வைத்துச் சொல்வார்கள்? ஒரு இடத்தில் "அன்றே பல்லோடு அனுப்பிவிடுவோம்" என்றார்கள், அது சாத்தியமா?

—

ஈறும் எலும்பும்:

செட்டிலிருந்து தொடங்குகிறேன். கழற்றி மாட்டுவது தாழ்ந்தது என்று இல்லை. பல பல் போன வாய்க்கு, கோபால்ட் குரோமியத்தில் வார்த்து, பல்லின் மேல் சின்னப் படி மாதிரி தாங்கல் வைத்த செட் நல்ல வைத்தியம். ஃப்ளெக்சிபிள் நைலானில் அந்தத் தாங்கல் இருப்பதில்லை. கடிக்கும் சுமை முழுக்க ஈறின்மேல் இறங்கும். செட் அமிழ அமிழ பக்கத்துப் பல்லின் கழுத்தோரம் ஈறு உரிந்து இறங்கும். எலும்பு கரைந்து செட் லூசானால் உள்ளே புதுப்பூச்சு கொடுப்பது கடினம், இன்னொரு பல் போனால் அதில் சேர்ப்பதும் கடினம். எளிய அக்ரிலிக் செட்டில் இரண்டும் சுலபம்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை தனியாக. ஒரே பக்கத்தில் ஒன்றிரண்டு பல்லுக்கு மட்டும் கிளிப் மாதிரி குட்டியாகச் செய்துதரும் செட் வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழாயிலோ உணவுக்குழாயிலோ போய் மாட்டும். தற்காலிகமாக வைத்தாலும் மறுபக்கம் வரை நீளும் தகடாக இருக்கட்டும், இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும்.

எலும்பு விஷயம். பல் எடுத்த முதல் வருடத்தில் அந்த இடத்துத் தாடை எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறத்தாழ பாதி கரைகிறது. அந்தக் கரைசலில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். ஏழு மாதம் கழித்து நாளை ஓடிப்போய்ச் செய்ய வேண்டிய அவசரம் எலும்பைப் பொறுத்தவரை இல்லை. அவசரம் பற்களால்தான்: 37 இன்னும் சாயும், மேலே 26 இறங்கும்.

சாதாரண எக்ஸ்ரேயில் உயரம் மட்டுமே தெரியும், அகலம் தெரியாது. ஆகவே சிபிசிடி ஸ்கேன் (முப்பரிமாண எக்ஸ்ரே). அதில் 36-க்கு நான்கு அளவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கீழ்த்தாடை நரம்புக்கு மேலே எவ்வளவு உயரம்: இம்ப்ளான்ட் நுனியிலிருந்து நரம்புக்கு 2 மி.மீ. இடைவெளி கட்டாயம். அகலம்: இம்ப்ளான்ட்டின் இரு பக்கமும், கன்னப்பக்கம், நாக்குப்பக்கம், குறைந்தது 1 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும், கன்னப்பக்கம் 2 இருந்தால் நிம்மதி. 35-க்கும் 37-க்கும் இடையே எவ்வளவு: இரண்டு பல்லிலிருந்தும் 1.5 மி.மீ. தள்ளித்தான் வைக்க முடியும், எனவே 4.8 மி.மீ. இம்ப்ளான்ட்டுக்கு 8 மி.மீ.-யாவது வேண்டும். கடைசியாக, ஈறிலிருந்து 26 வரை உயரம்: 5 மி.மீ.-க்குக் கீழே போனால் கிரௌனுக்கு இடமே இருக்காது. 26 இறங்கியிருந்தால், அதன் கேப்பை எப்படியும் மாற்றும்போது உயரத்தைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வேலையையும் ஒரே திட்டத்தில் போட இது ஒரு காரணம்.

25 எடுக்க வேண்டி வந்து அங்கே இம்ப்ளான்ட் என்றால் மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. உயரம் போதாவிட்டால் சைனஸ் தரையைத் தூக்கி எலும்புப்பொடி வைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செலவு எகிறும் இடம் இதுதான். பல் எடுக்கும்போதே, கன்னப்பக்கத்து மெல்லிய எலும்புத்தகடு உடையாமல் எடுத்து, குழியில் பொடி வைத்து மூடினால் பின்னால் வரும் பெரிய செலவில் கொஞ்சம் தப்பலாம்.

அன்றே பல்: உள்ளே இறக்கும்போது 35 நியூட்டன் சென்டிமீட்டருக்குக் குறையாத பிடிமானம் கிடைத்தால் தொழில்நுட்பப்படி முடியும். ஆனால் ஒற்றைக் கடைவாய்ப்பல், தூக்கத்தில் கடிக்கிற பழக்கம் என்று இரண்டும் சேரும் வாயில் நான் அதற்கு ஒப்ப மாட்டேன். எலும்பு டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ளும் வாரங்களில் அது அசையவே கூடாது. அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு சுற்றிக்கொள்ளும், இம்ப்ளான்ட் கையோடு வந்துவிடும். கீழ்த்தாடைக்கு இரண்டு மூன்று மாதம், மேல்தாடைக்கு மூன்று முதல் ஆறு மாதம் பொறுங்கள். முன்பல் என்றால் வெளியே தெரியும் சங்கடத்துக்காகவாவது யோசிக்கலாம், 36-க்கு அந்தக் காரணமும் இல்லை.

எச்பிஏ1சி 7.1 தடையில்லை. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடச் சொல்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மாத்திரையோ ஊசியோ, டெனோசுமாப் ஊசியோ எப்போதாவது எடுத்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து அதில் உண்டு.

கடி சரிபார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்கைப் பல் தன் நார்ப்படுக்கையில் கடிக்கும்போது சற்று அமிழும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டியிருப்பதால் அமிழாது. இரண்டையும் ஒரே உயரத்தில் விட்டால் அழுத்திக் கடிக்கும்போது இம்ப்ளான்ட் மட்டும் சுமையை வாங்கும். எனவே 8 மைக்ரான் தகட்டுத்தாளை இடையில் வைத்து, மெதுவாகக் கடித்தால் தாள் உருவி வர வேண்டும், அழுத்திக் கடித்தால் பிடிபட வேண்டும். இதைச் செய்துவிட்டு, நைட் கார்டும் அளவெடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கிரௌன் மாட்டிய அன்று எடுக்கும் எக்ஸ்ரேயின் நகல் உங்களிடம் இருக்கட்டும். பிற்பாடு எலும்பு இறங்குகிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

—

செயற்கைப்பல்:

இப்போது கணக்கு. பிளாஸ்டர் தூசியின் அலகையே எடுத்துக்கொள்கிறேன்.

36-க்குப் பிரிட்ஜ் 3 அலகு. இருபது வருடத்தில் ஒருமுறையாவது மாற்ற நேரும் என்று வையுங்கள்: இன்னும் 3, தேவைப்பட்டால் ரூட் கெனால் செலவு, ஒரு பல் போய்விட்டால் பிரிட்ஜ் நான்கு பல்லுக்கு நீளும் அல்லது அங்கேயே இம்ப்ளான்ட். இம்ப்ளான்ட்டில் முதல் நாள் தொகை பெரிது. பின்னால் வருவது பெரும்பாலும் ஒரு கிரௌனோ ஒரு ஸ்க்ரூவோ. அதற்காக இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வருடம் தாண்டி நிற்பவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்தான், ஆனால் ஈறு பராமரிப்பில்லாத வாயில் அந்தக் கணக்கு செல்லாது. சில வருடம் போனதும் முன்னால் உள்ள பல் கொஞ்சம் முன்னே நகர்ந்து 35-க்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவே சந்து விழுவதும் சகஜம். சாப்பிட்டது சிக்கும். ஸ்க்ரூ வகை என்றால் கழற்றி லேப்பில் அந்தப் பக்கத்தைக் கூட்டி வாங்கிவிடலாம்.

25-க்கு: வேர் நின்றால் போஸ்ட், கிரௌன். நிற்காவிட்டால் இங்கே பிரிட்ஜை நானே பரிந்துரைப்பேன். 26-க்கு ஏற்கெனவே கேப், 24-ல் பெரிய ஃபில்லிங், இரண்டுமே எப்படியும் கிரௌன் வாங்கப்போகும் பற்கள். 3 அலகில் இரண்டை அந்தப் பற்களுக்காகவே செலவு செய்ததாக வைத்துக்கொள்ளலாம். சைனஸ் வேலையும் இல்லை. ஒரு நிபந்தனை: 26-ன் பழைய கேப்பைக் கழற்றி, உள்ளே எவ்வளவு பல் மிச்சம், வேர்நுனியில் கருநிழல் உண்டா என்று பார்த்த பிறகே. உள்ளே பலமில்லை என்றால் அதன்மேல் பிரிட்ஜ் கட்டக் கூடாது, கணக்கு திரும்ப இம்ப்ளான்ட் பக்கம் போகும்.

வரிசை: 25-ன் பரிசோதனையும் 26-ஐத் திறந்து பார்ப்பதும் முதலில். அதே வாரத்தில் ஸ்கேன், இரண்டு தாடைக்கும் சேர்த்து ஒரே ஸ்கேன். 36-ல் இம்ப்ளான்ட் வைத்துவிட்டு அது ஆறும் மாதங்களில் மேல்வேலையை முடியுங்கள். 26-க்குத் தற்காலிகக் கிரௌன் போதும், கீழே 36 கிரௌன் வரும்போது இரண்டின் கடியையும் சேர்த்துப் பார்த்து இறுதி செய்யலாம். எஸ்டிமேட்டையும் அந்தந்தக் கட்டத்துக்குத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், 25-க்கு இரண்டு தொகையோடு: வேர் நின்றால் இவ்வளவு, போனால் இவ்வளவு.

வாரன்டி என்பார்கள். பெரும்பாலும் கம்பெனி புது இம்ப்ளான்ட் துண்டைத்தான் தரும். அறுவைக்கும் கிரௌனுக்கும் திரும்பக் காசா என்று தனியாகக் கேளுங்கள்.

—

பிளாஸ்டர் தூசி:

ஒண்ணு விட்டுப்போச்சு. இம்ப்ளான்ட் டப்பால கம்பெனி, விட்டம், நீளம், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், உரிச்சு ஒட்டுற மாதிரி. ஒண்ணு அவங்க ஃபைல்ல ஒட்டுவாங்க, இன்னொண்ணை உங்க கார்டுல ஒட்டி வாங்குங்க. அபட்மென்ட்டுக்கும் அதே மாதிரி. பத்து வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஸ்க்ரூ லூசானா, எந்தக் கம்பெனின்னு தெரியாம எந்தச் சாவி போடுறதுன்னே தெரியாது, நல்லா இருக்கிற கிரௌனை வெட்டித்தான் எடுப்பாங்க.